கழுத்துப் பட்டி மட்டும் வெளுத்தது

மார்ச் 3

என் நண்டுக்கு,

அக்கா எழுதுகிறேன். வீட்டில் எல்லாரும் சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்தால் முனகுகிறது. உன் மாமா கண்ணாடியைத் தலையில் ஏற்றிவைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடுகிறார். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் கேட்டால் 'ம்' கொட்டிவிட்டு வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். கடிதத்தில் 'ம்' கொட்ட முடியாது பார்.

ஒரு சேதி. எங்கள் பட்டறையில் வெளுப்பு மை அச்சடிக்க ஆரம்பித்துவிட்டோம். மற்ற மை எல்லாம் துணிமேல் நிறத்தைப் பூசும். இது துணியில் இருக்கிற சாயத்தைத் தின்றுவிட்டு வெள்ளையை விட்டுப்போகும். கறுப்புப் பனியனில் அச்சடித்துச் சூடு காட்டினால் எழுத்து வெள்ளையாக மலர்ந்து வருகிறது. தடவிப் பார்த்தால் மை இருப்பதே தெரியாது.

"நம்ம மாமியார்ல இதெல்லாம் ஓடாதும்மா" என்றார் முதலாளி. மாமியார் யாரென்று உனக்குத் தெரியும். என் எட்டுக் கை மெஷின். ஒவ்வொரு சுற்றுக்கும் காற்றை விட்டு ஒரு பெருமூச்சு விடுவாளே, அவள்தான். தண்ணீரில் கலக்கிய மை, கொஞ்சம் நின்றால் ஸ்கிரீன் வலையிலேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும். மாமியாரோ நின்று நின்று ஓடுகிறவள். நான் அவள் போக்கைக் கவனித்தேன். நிற்கப்போகிறாள் என்றால் பெருமூச்சு கொஞ்சம் நீளும். அது கேட்டதும் மையை இழுத்து வலையை மூடிவிடுவேன். பக்கத்தில் ஒரு தண்ணீர்ப் புட்டி. பூவுக்குத் தெளிக்கிற மாதிரி ஒரு தெளிப்பு. ஒரு நாள் முழுக்க ஓட்டினேன், ஒரு கண் கூட அடைக்கவில்லை.

ஆனால் நாற்றம் இருக்கிறதே! மையில் ஒரு பொடி கலக்க வேண்டும், கலந்தால் அரை நாள்தான் தாங்கும். சூடு பட்டால் அழுகின முட்டை வாடை. "புகை இழுக்கிற ஃபேன் மாட்டாம இந்தப் பொடியை நான் தொட மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். மூன்று நாள் முறைத்தார். நாலாம் நாள் மாட்டினார்.

உன் சாயப்பட்டறை எப்படி இருக்கிறது? உன்னை எப்போது நிரந்தரமாக்குவார்களாம்? உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


மார்ச் 14

அன்பு அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். மூன்று வேளையும் சாப்பிடுகிறேன், போதுமா? அம்மாவை வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல். மாமாவின் கண்ணாடிக்கு ஒரு கயிறு வாங்கிக் கட்டு.

மாமியாரை வழிக்குக் கொண்டுவந்துவிட்டாயே! படித்துவிட்டு விடுதி அறையில் தனியாகச் சிரித்தேன்.

எனக்கும் ஒரு சேதி. சாயத்தொட்டிப் பக்கத்திலிருந்து என்னை மேசைக்கு மாற்றிவிட்டார்கள். ஒரே தொட்டியில் ஒன்றாகச் சாயம் ஏறுகிற ஒவ்வொரு லாட் துணிக்கும் நான்தான் கார்டு எழுதுகிறேன். லாட் நம்பர், நிறம், தேதி. கடைசி வரியில் 'வெளுக்கும்' அல்லது 'வெளுக்காது'. இது உன் மாதிரி ஆட்களுக்காகத்தான். பார்வைக்கு எல்லாக் கறுப்பும் ஒன்றுதான். உள்ளே போட்ட சாயத்தைப் பொறுத்து ஒன்று உன் மைக்கு விட்டுக்கொடுக்கும், இன்னொன்று கொடுக்காது. மயில் நீலம் கலந்திருந்தால் தலைகீழாக நின்றாலும் வெளுக்காது. அதனால் ஒரு துண்டு வெட்டி, இங்கே இருக்கிற சோதனை மையைத் தடவி, இஸ்திரிப் பெட்டியால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும்.

நான் ஏழு எழுதுவதைப் பார்த்து மேஸ்திரி சிரிக்கிறார். "ஏழுக்கு ஏம்மா இடுப்புல கயிறு கட்டறே?" என்கிறார். பள்ளிக்கூடத்தில் அடித்தும் போகாத குறுக்குக் கோடு, இவர் சிரித்தா போகப்போகிறது?

ஆறு மாதம் ஒழுங்காக இருந்தால் நிரந்தரம் என்று சொல்லியிருக்கிறார். மேசை, நாற்காலி, என் பேனா. எனக்குப் பெருமையாக இருக்கிறது அக்கா.

அன்புடன்,
நண்டு


ஏப்ரல் 2

நண்டு,

எல்லாரும் நலமாகத்தான் இருக்கிறோம், என்னைத் தவிர. எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது, மனசுதான் கொதிக்கிறது.

பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. நாலாயிரம் கறுப்புப் பனியன். துணி உன் பட்டறையில் சாயம் போட்டதுதான். அச்சடித்து ட்ரையரில் விட்டேன். அந்தப் பக்கம் வந்ததைக் கையில் எடுத்துப் பார்த்தேன். வெள்ளை இல்லை. பாசி படிந்த தொட்டி மாதிரி ஒரு பச்சை. சூட்டைக் கூட்டினேன், வேகத்தைக் குறைத்தேன், புதுப் பொடி கலந்தேன். பச்சை பச்சையாகவே இருந்தது. நிறுத்தச் சொன்னேன். "அடிச்சிக்கிட்டே இரு, அலசினா சரியாயிடும்" என்றார் முதலாளி. சரியாகவில்லை. மொத்தமும் திரும்பி வந்துவிட்டது.

இப்போது பழி யார்மேல்? மாமியார்மேல். மாமியார் வாய் பேசமாட்டாள் என்பதால் என்மேல். "இருபது வருஷ மெஷினைக் கட்டிக்கிட்டு அழறே. அதுல ஒரே அழுத்தமா மை இறங்கல, நீயும் கவனிக்கல" என்கிறார். புது மெஷின் விற்கிறவர் ஒருவர் இரண்டு நாளாக வந்து காபி குடித்துக்கொண்டிருக்கிறார். புதுசு வந்தால் அதை ஓட்ட அவர்களே ஆள் தருவார்களாம். நான் மடிக்கிற மேசைக்குப் போக வேண்டியதுதானாம். பதினோரு வருஷம் அவளோடு நின்றவள், பனியனை நாலாக மடித்துக்கொண்டு உட்கார வேண்டும்!

என் கை தப்பு செய்யவில்லை. இந்தத் துணியில் என்னமோ இருக்கிறது. ஒரு துண்டு வெட்டி இதோடு வைத்திருக்கிறேன். நீ அங்கேதானே இருக்கிறாய், லாட்டைப் பார்த்து விசாரித்து எழுது. காத்துக்கொண்டிருப்பேன்.

அக்கா


ஏப்ரல் 25

அன்பு அக்காவுக்கு,

இங்கே நான் சுகம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். வேலை நெருக்கம். நாலு நாளாக மழை, விடுதிக் கொடியில் எதுவும் காயவில்லை. பக்கத்து அறைப் பெண்ணுக்குக் காய்ச்சல், அவளுக்குக் கஞ்சி வைத்துக்கொடுத்தேன். அம்மாவுக்கு முழங்கால் எப்படி இருக்கிறது? டாக்டரிடம் காட்டினீர்களா?

துணித் துண்டு கிடைத்தது.

ட்ரையரில் சூடு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருந்ததா? சில சமயம் ஓரத்தில் குறையும் என்று சொல்கிறார்கள். அதையும் ஒருமுறை பார்.

புது மெஷின் வந்தால் அவ்வளவு மோசமா அக்கா? உனக்கும் நாள் முழுக்க நின்று கால் வீங்குகிறது. உட்கார்ந்து செய்கிற வேலை உடம்புக்கு நல்லதுதானே.

என்னை நிரந்தரமாக்கிவிட்டார்கள். சொல்ல மறந்துவிட்டேன்.

நண்டு


ஏப்ரல் 30

நண்டு,

அம்மா சௌக்கியம். டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். உன் மாமாவுக்குக் கயிறு வாங்கிக் கட்டினேன், இப்போது கயிற்றோடு சேர்த்துத் தேடுகிறார்.

வேலை நிரந்தரமானதற்குச் சந்தோஷம். ஊருக்கே சொல்ல வேண்டிய விஷயத்தைக் கடைசி வரியில், மறந்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். மழை, கொடி, கஞ்சி எல்லாம் எழுதியிருக்கிறாய். நான் கேட்டதை மட்டும் மென்று விழுங்கிவிட்டாய்.

சரி, நானே சொல்கிறேன். பனியனின் கழுத்துப் பட்டிக்கு வேறு லாட் துணி போடுவார்கள். ஒரு கெட்டுப்போன பனியனை எடுத்தேன். கழுத்துப் பட்டியும் உடம்பும் சேர்கிற இடத்தில், இரண்டின் மேலும் விழுகிற மாதிரி ஒரே ஒரு இழுப்பு. அதே மை, அதே ஸ்கிரீன், அதே சூடு, அதே மாமியார். கழுத்துப் பட்டி பால் மாதிரி வெளுத்தது. ஒரு தையல் தள்ளி, உடம்பு பச்சையாக நின்றது. முதலாளி மேசையில் விரித்துப் போட்டேன். "மெஷின் தப்புன்னா அரை அங்குலத்துல எப்படி திருந்திச்சு?" என்று கேட்டேன்.

அவருக்கும் புரிந்துவிட்டது. ஆனால் அவர் கண் புது மெஷின்மேல் இருக்கிறது. "சாயம் போட்டவங்க பெரிய பட்டறைம்மா. துண்டைக் காட்டினா நம்ப மாட்டாங்க. வெளுக்கும்னு எழுதிக் குடுத்த லாட் கார்டு இருந்தா மடக்கலாம். எழுதினவன் சீட்டைக் கிழிச்சிட்டு நமக்கு வேற துணி குடுப்பாங்க. கார்டு எங்கே?" என்றார்.

துணிக் கட்டுகளுக்குள் தேடிக் கார்டை ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தேன். "இருக்கு" என்றேன்.

"குடு."

"தர மாட்டேன்."

"ஏன்?"

"அது என் வீட்டு விஷயம்."

பைத்தியம் பிடித்துவிட்டதா என்கிற மாதிரி பார்த்தார். பார்க்கட்டும்.

பரணில் பழைய பெட்டியைக் குடைந்தபோது உன் நாலாம் வகுப்புக் கணக்கு நோட்டு கிடைத்தது. எல்லா ஏழுக்கும் குறுக்கே கோடு. எனக்கு அந்தக் கோட்டை எங்கே பார்த்தாலும் தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


மே 21

நண்டு,

நீ நலமா? இதைச் சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை. மூன்று வாரமாக எழுத்தும் இல்லை, போனும் எடுக்கவில்லை. அம்மா தினமும் கேட்கிறாள். வேலை அதிகம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

என்னை மடிக்கிற மேசையில் உட்காரவைத்துவிட்டார்கள். புது மெஷின்காரர் நாடாவை நீட்டித் தரையை அளந்துவிட்டுப் போனார். மாமியார் ஓரமாக நிற்கிறாள். சாப்பாட்டு நேரத்தில் நான் போய் அவள் கைகளைக் கையாலேயே ஒரு சுற்றுத் தள்ளிவிடுகிறேன், எண்ணெய் விடுகிறேன். இல்லையென்றால் இறுகிப்போவாள். மை கலக்குகிற அண்ணன், "போற மெஷினுக்கு ஏம்மா எண்ணெய்?" என்றார். "யார் சொன்னா போறதுன்னு?" என்றேன்.

முதலாளி ஒரு காகிதம் டைப் அடித்து வைத்திருக்கிறார். ஆபரேட்டரின் கவனக்குறைவாலும் மெஷினின் பழுதாலும் துணி கெட்டது என்று எழுதியிருக்கிறது. அதில் நான் கையெழுத்துப் போட்டால் ஆர்டர் கொடுத்தவர்களைச் சமாதானப்படுத்திவிடுவாராம்.

"போட்டா மடிக்கிற வேலையாவது நிலைக்கும்" என்றார்.

"போடலன்னா?"

"அதுவும் இல்ல. ஜூன் பதினஞ்சு, காலையில பத்து மணி. யோசிச்சிட்டு வா."

யோசிக்க என்ன இருக்கிறது? செய்யாத தப்பைச் செய்தேன் என்று எழுதினால், அப்புறம் எந்தப் பட்டறையிலும் எந்த மெஷினையும் தொட எனக்கு வாய் இருக்காது. வீட்டில் உட்கார்ந்தாலும் உட்காருவேன். அதில் என் கையெழுத்து விழாது.

நான் ஒற்றைக் காலில் நிற்கிறேன் என்று உனக்குத் தோன்றும். எட்டுக் கை மெஷினை ஓட்டுகிறவளுக்கு ஒற்றைக் கால் போதும்.

அக்கா


ஜூன் 2

அக்கா,

நான் நலமில்லை. காய்ச்சல் ஒன்றும் இல்லை. உன் முகத்தை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை.

அந்தக் கார்டை நான்தான் எழுதினேன். உனக்குத் தெரியும் என்று உன் ஏப்ரல் கடிதத்திலேயே தெரிந்துகொண்டேன். தெரிந்தும் திட்டாமல் கணக்கு நோட்டைப் பற்றி எழுதினாயே, அது திட்டினதைவிட வலித்தது.

நடந்ததைச் சொல்கிறேன். லாட் சிவப்படித்த கறுப்பாக வந்தது. சிவப்பை அடக்க மேஸ்திரி மயில் நீலத்தைக் கொட்டச் சொன்னார். கண்ணுக்கு அருமையான கறுப்பாகிவிட்டது. லாரி வாசலில் நின்றது. நான் துண்டு வெட்டப் போனேன். "சோதனைக்கெல்லாம் நேரமில்ல, வெளுக்கும்னு எழுது" என்றார். "மயில் நீலம் போட்டிருக்கே அண்ணே" என்றேன். "அது எனக்கும் உனக்கும்தான் தெரியும். ஆறு மாசமெல்லாம் வேண்டாம், அடுத்த வாரமே உன் பேரை மேல அனுப்பப்போறேன், ஞாபகம் வச்சுக்கோ" என்றார். எழுதினேன். யாரோ ஒரு பட்டறைக்குப் போகும், யாரோ ஒருவர் திட்டு வாங்குவார், முடிந்துபோகும் என்று நினைத்தேன். அந்த யாரோ நீ.

நிரந்தரமாக்கின காகிதமும் உன் துணித் துண்டும் ஒரே நாளில் என் கைக்கு வந்தன. காகிதத்தைப் பெட்டியில் வைத்தேன். துண்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

நீ கையெழுத்துப் போடாதே அக்கா. ஆனால் அந்தக் கார்டை மட்டும் காட்டிவிடாதே. காட்டினால் மேஸ்திரி தப்பித்துக்கொள்வார், கையெழுத்து என்னுடையது. இப்படிக் கேட்க எனக்கே வெட்கமாக இருக்கிறது. கேட்காமலும் இருக்க முடியவில்லை.

நண்டு


ஜூன் 4

நண்டு,

முதலில் சாப்பிடு. பிறகு படி.

படித்துவிட்டு எனக்குக் கோபம்தான் வந்தது. பூசி மெழுக மாட்டேன். ட்ரையரில் சூட்டைப் பார், உட்கார்ந்து செய்கிற வேலை நல்லது என்றெல்லாம் எனக்கே எழுதினாய் பார், அதை நினைத்து ஒரு தட்டை உடைத்துவிட்டேன். உன் மாமா, கை தவறிவிட்டது என்று நம்பிக்கொண்டிருக்கிறார்.

இப்போது கேள். கார்டை நான் யாரிடமும் காட்ட மாட்டேன். என் வேலையைக் காப்பாற்ற உன்னைப் பிடித்துக் கொடுக்க மாட்டேன். உன் வேலையைக் காப்பாற்ற என்மேல் பொய்யும் எழுதிக்கொள்ள மாட்டேன். இரண்டுக்கும் இந்த அக்கா ஆள் இல்லை.

கார்டை இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன். இனிமேல் என்னிடம் எந்த அத்தாட்சியும் இல்லை. அது நீ எழுதியது, உன்னிடமே இருக்கட்டும். கிழித்துப் போடுவதென்றால் போடு, நான் கேட்க மாட்டேன். பதினைந்தாம் தேதி பத்து மணிக்கு நான் வெறுங்கையோடு போய், போட மாட்டேன் என்று சொல்லிவிட்டு வருவேன்.

அம்மாவிடம் எதையும் சொல்லவில்லை. தலையணைக்கு அடியில் துணியை வைத்துக்கொண்டு தூங்காதே, அந்தச் சாயம் உனக்கு ஒத்துக்கொள்ளாது.

அக்கா


ஜூன் 16

என் நண்டுக்கு,

நாங்கள் எல்லாரும் சுகமோ சுகம். நீ எப்படி இருக்கிறாய்? அதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும், ஆனாலும் நேற்று நடந்ததைச் சொல்லாமல் என்னால் கேட்க முடியாது.

பத்து மணிக்குப் போனேன். முதலாளி, புது மெஷின்காரர், மேசைமேல் காகிதம், காகிதத்தின்மேல் பேனா. மூடியைக்கூடக் கழற்றி வைத்திருந்தார்கள், அவ்வளவு உபசாரம்.

"போட மாட்டேன்" என்றேன்.

"இன்னொருதரம் யோசிம்மா."

"யோசிச்சிட்டுதான் வந்தேன். என் கையும் சரி, மெஷினும் சரி. துணி சரியில்ல. இதைத்தான் இன்னிக்கும் சொல்வேன், பத்து வருஷம் கழிச்சிக் கேட்டாலும் சொல்வேன்."

"அப்போ நாளையிலேருந்து வர வேண்டாம்" என்றார்.

வந்துவிட்டது வார்த்தை. கால் நடுங்கியது, அதை மறைக்க மாட்டேன். மாமியாரை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாமென்று உள்ளே போனேன். அவள் பலகையைத் துடைத்துக்கொண்டு நின்றபோதுதான் தபால்காரர் குரல். ரிஜிஸ்டர் தபால், முதலாளி பேருக்கு.

உறை கிழிபடுகிற சத்தம் கேட்டது. பிறகு "இங்க வாம்மா" என்றார். அவர் கையில் உன் கார்டு. 'வெளுக்கும்' என்பதை ஒரே கோட்டில் அடித்திருந்தாய். கீழே: 'வெளுக்காது. மயில் நீலம் கலந்தது. சோதிக்காமல் எழுதிவிட்டேன். தவறு துணியுடையது, அச்சடித்தவருடையது அல்ல.' ஜூன் ஏழு என்று தேதி. ஏழின் இடுப்பில் கயிறு. நான் அனுப்பின துண்டில் நீ மை தடவி இஸ்திரி போட்டு, ஊசி குத்தி வைத்திருந்தாய். அதே பச்சை.

"இது யாரு?" என்றார்.

"என் தங்கச்சி."

"தெரிஞ்சுமா இத்தனை நாளா வாயைத் திறக்காம இருந்தே?"

"ஆமா."

அவர் பேனாவை மூடினார். அங்கிருந்தே உன் பட்டறைக்குப் போன் போட்டார், வேறு துணி தருவதாக ஒப்புக்கொண்டுவிட்டார்கள். புது மெஷின்காரர் காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார். "புதுசு வரும்போது வரட்டும். இப்போ போய் உன் மாமியாரைக் கிளப்பு" என்றார் முதலாளி. மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. காற்றைத் திறந்துவிட்டேன். எவ்வளவு நீளமான பெருமூச்சு! நான் ஸ்கிரீன் கழுவுகிற அறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நன்றாக அழுதேன்.

எனக்காக நீ செய்தாய். உன்னை என்ன செய்தார்கள்? ஒரு வரி கூட எழுதவில்லையே. வேலை போயிருந்தால் பெட்டியை எடுத்துக்கொண்டு நேராக இங்கே வா. அம்மாவுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.

பதில் போடும்வரை எனக்குத் தூக்கம் இல்லை.

அக்கா


ஜூன் 28

அன்பு அக்காவுக்கு,

நன்றாக இருக்கிறேன். இதைச் சம்பிரதாயத்துக்கு எழுதவில்லை. நன்றாகச் சாப்பிடுகிறேன், படுத்ததும் தூங்குகிறேன்.

வேலை போகவில்லை. போன மாதிரிதான். நிரந்தரக் காகிதம் என்னிடம் இருப்பதால் சட்டென்று துரத்த முடியவில்லை, மேசையிலிருந்து மட்டும் எடுத்துவிட்டார்கள். இப்போது துணி அலசுகிற இடத்தில் நிற்கிறேன். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், நாள் முழுக்க ஈரம். என் மேசையில் மேஸ்திரியின் மச்சான் உட்கார்ந்திருக்கிறார். அவர் ஏழுக்குக் கோடு போடுவதில்லை. துண்டு வெட்டிப் பார்ப்பதும் இல்லை.

போன வாரம் மேஸ்திரி கூப்பிட்டார். "மனக்குழப்பத்துல அப்படி எழுதிட்டேன்னு ஒரு கடுதாசி குடு. மேசை திரும்ப உனக்குத்தான்" என்றார். உன்னிடமே கற்றுக்கொண்டேனோ என்னமோ, வாயில் தானாக வந்தது: "தர மாட்டேன்." கால் எனக்கும் நடுங்கியது. பூட்ஸுக்குள் இருந்ததால் அவருக்குத் தெரியவில்லை.

இன்னொன்று. அலசுகிற இடத்தில் என்னோடு ஆறு பெண்கள். நடந்தது அவர்களுக்குத் தெரியும். திங்கட்கிழமை ஒருத்தி வந்து, புது லாட்டிலிருந்து உள்ளங்கை அளவுக்கு ஒரு துண்டை என் பையில் திணித்துவிட்டுப் போனாள். மறுநாள் இன்னொருத்தி. நேற்றோடு ஒன்பது துண்டு. ஒவ்வொன்றிலும் லாட் நம்பரை நூலால் தைத்திருக்கிறார்கள். ஒரு நோட்டு வாங்கியிருக்கிறேன். முதல் பக்கத்தில் கோடு போட்டு, லாட், நிறம், தேதி, கடைசி வரி எல்லாம் தயார். பொய்க் கார்டோடு போகிற ஒவ்வொரு லாட்டுக்கும், அது போய்ச் சேரும் பட்டறைக்கு என் பேர் போட்டு ஒரு கடிதம் போகும்.

விடுதியில் இஸ்திரிப் பெட்டி இருக்கிறது. ஜன்னல் இரண்டையும் திறந்துவைத்துத்தான் செய்வேன், பயப்படாதே. மைதான் இல்லை. ஒரு சின்ன டப்பா மையும் கொஞ்சம் பொடியும் அனுப்பு. தனித்தனியாகக் கட்டி அனுப்பு அக்கா, கலந்தால் அரை நாள்தான் தாங்கும். எனக்கு ரொம்ப நாளைக்கு வேண்டும்.

அம்மாவுக்கும் மாமாவுக்கும் என் அன்பு. மாமியாருக்கும்.

நண்டு